அப்பாவின் பழைய கணினியில் படித்த அரிச்சுவடி

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது. முன்பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பு. உள்ளேயிருந்து நீளமாக ஒரு 'பீ...', சற்று இடைவெளி, மறுபடி ஒரு 'பீ...'. அப்பாவின் மேசைக் கணினி இந்த நிலையில்தான் ஐந்து வருடமாக மூலையில் கிடந்தது.

அதற்குள் அவர் எழுதிய 43 கட்டுரைகள் இருக்கின்றன. எதுவும் அச்சில் வரவில்லை, எதற்கும் வேறு பிரதியும் இல்லை. "என் எழுத்தை எடுத்துக் குடும்மா" என்று அவர் கேட்காத வாரம் கிடையாது.

எனக்குக் கணினி தெரியாது. மின்னஞ்சல் அனுப்புவேன், காணொளி பார்ப்பேன், அவ்வளவுதான். போன வருடம் ஒரு தொடக்கநிலைக் கணினி வகுப்பில் சேர்ந்து, 'உள்ளீடு, செயலாக்கம், வெளியீடு' என்று மூன்று கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, ஒரு நோட்டை நிரப்பினேன். தேர்வு எழுதித் தேறியும் விட்டேன். ஆனால் இந்தப் பெட்டி ஏன் பீப் அடிக்கிறது என்பது அந்த நோட்டில் எங்கேயும் இல்லை. சரி, திறந்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன். அக்கா மகள் கணினித் துறையில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் அவள் துணை. ஆறு சனிக்கிழமைகள் ஆயின. அவ்வப்போது கிறுக்கி வைத்த குறிப்புகளை வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் சனி: பீப்

திறப்பதற்கு முன் மின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கச் சொன்னாள். பிடுங்கிய பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கவும் சொன்னாள். இணைப்பு இல்லாதபோது எதற்கு என்று கேட்டேன். உள்ளே மின்தேக்கிகளில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும், அது வடிந்துவிடும் என்றாள். எந்தச் சில்லையும் தொடுவதற்கு முன் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னாள்: எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்காகவும் பிரிக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகள் விளையாட்டுப் பொருள் இல்லை.

மூடியை எடுத்ததும் முதலில் தெரிந்தது தூசிதான். ஊதித் துடைத்த பிறகு பார்த்தால், உள்ளே இருப்பவை நான் நினைத்ததைவிடக் குறைவு. எல்லாவற்றையும் தாங்கும் பெரிய பலகை மதர்போர்டு. விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் அடியில் ஒளிந்திருப்பது, கட்டளைகளை ஓட்டும் சில்லான பிராசசர். அதன் பக்கத்தில் இரண்டு மெல்லிய பட்டைகள், ரேம். கீழே ஒரு கூண்டில் செங்கல் போலக் கனமாக ஹார்ட் டிஸ்க். மூலையில் அந்த எஸ்எம்பிஎஸ்.

பீப் ஒலி என்பது மதர்போர்டு பேசும் மொழி. திரையே வேலை செய்யாதபோது அதற்கு வேறு வாய் இல்லை. எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆனால் நிற்காமல் திரும்பத் திரும்ப வரும் நீள ஒலி பெரும்பாலும் ரேமைத்தான் கைகாட்டும்.

இந்த ரேமில்தான் எனக்கு முதல் தெளிவு கிடைத்தது. வகுப்பில் 'தற்காலிக நினைவகம்', 'நிரந்தர நினைவகம்' என்று இரண்டையும் நினைவகம் என்றே எழுதிப் போட்டார்கள். போதாக்குறைக்குக் கைபேசியும் 'மெமரி நிரம்பிவிட்டது' என்கிறது. அது சொல்வது படங்களைச் சேமிக்கும் இடத்தை. இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்று கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது. ரேம் விரல் அகலப் பட்டை, அசையும் பாகம் எதுவும் இல்லை, மின்சாரம் போனால் அதிலிருந்ததும் போச்சு. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழல்கின்றன. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் எழுதியது இருக்கும். கடிதம் தட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், சேமிக்காத பக்கம் காணாமல் போன அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அந்தப் பக்கம் அதுவரை ரேமில் மட்டுமே இருந்தது.

பட்டையின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளை விலக்கினால் ரேம் தானாக மேலே எழும்புகிறது. டிடிஆர்3 வகை, தலா 2 ஜிபி. அடிவிளிம்பில் 240 தங்கநிறத் தொடுமுனைகள். அவற்றின் நிறம் மங்கியிருந்தது. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, திரும்பச் செருகினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதுதான் சரியான முறை என்று பிறகு தெரிந்தது; அன்று கையில் இருந்தது அழிப்பான். பட்டையில் உள்ள வெட்டு சரியான பக்கம் இருந்தால்தான் அது உட்காரும். இரு பக்கமும் 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்த வேண்டும். பலகை உடைந்துவிடுமோ என்று பயந்து முதல் தடவை அரைகுறையாகத்தான் அழுத்தினேன். அதுவும் பீப் அடித்தது.

இரண்டாம் தடவை நன்றாக அழுத்திவிட்டுப் பொத்தானைத் தட்டினால் பீப் இல்லை. விசிறியும் இல்லை. விளக்கும் இல்லை. ஒன்றுமே இல்லை.

அப்பாவின் கட்டுரைகளைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அக்கா மகளை அழைத்தேன்.

"சித்தி, முதல்ல சொல்லுங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. தூசி துடைக்கும்போது மதர்போர்டின் ஓரத்தில் இருந்த நாலைந்து மெல்லிய கம்பிகள் கழன்றிருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் தோராயமாக ஓரிடத்தில் செருகி வைத்திருந்தேன். பெட்டியின் முகப்பில் உள்ள பொத்தானையும் விளக்குகளையும் பலகையோடு இணைப்பவை அவைதானாம். பொத்தானின் கம்பி தப்பான முனையில் இருந்தால், எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் செய்தி பலகைக்குப் போகாது. பலகையில் அச்சிட்டிருந்த மாடல் எண்ணைத் தேடிக் கையேட்டைக் கைபேசியில் இறக்கி, படத்தைப் பார்த்துப் பார்த்துச் செருகினேன். பொத்தானின் இரண்டு முனைகளை எப்படிச் செருகினாலும் சரி. அது வெறும் ஸ்விட்ச். விளக்குக் கம்பிகளுக்கு மட்டும் நேர், எதிர் உண்டு. மாற்றிச் செருகினால் விளக்கு எரியாது, கெட்டும் போகாது.

திரையில் எழுத்து வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆங்கிலத்தில் ஏதோ பிழைச் செய்திதான். ஆனாலும் இரண்டு பேரும் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் சனி: 2009-க்குத் திரும்பிய கணினி

அந்தப் பிழைச் செய்தி, 'தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும்' என்றது. அழுத்தினால் விண்டோஸ் 7 மெதுவாக, மிக மெதுவாக எழுந்தது. ஆறு நிமிடம் ஆயிற்று. தேதி 2009 ஜனவரி 1.

ஆர்வக்கோளாறில் இணையக் கம்பியையும் செருகினேன். எந்தத் தளத்துக்குப் போனாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை. கணினியில் வைரஸ் புகுந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். அக்கா மகள் சிரித்தாள்.

நாம் ஒரு தளத்துக்குப் போகும்போது அந்தத் தளம் தன்னுடைய சான்றிதழைக் காட்டுகிறது. அதில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும்' என்று இருக்கும். உலாவி அதைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. கணினி 2009-இல் இருக்கிறது. சான்றிதழோ இன்னும் பிறக்கவே இல்லை. எனவே போலி என்று கதவைச் சாத்துகிறது. வைரஸ் என்று நான் நினைத்ததற்குக் காரணம் மதர்போர்டில் இருந்த காசு அளவு மின்கலம் ஒன்று.

அதன் பெயர் சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். புதிதாக இருக்கும்போது 3 வோல்ட் தரும். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓடுவது இதன் தயவில்தான். ஐந்து வருடம் மூலையில் கிடந்ததில் தீர்ந்துபோயிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, புதியதன் எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு வைத்தேன். டெலீட் விசையைத் தட்டி பயாஸ் அமைப்புக்குள் போய்த் தேதியைச் சரிசெய்தேன். அடுத்த முறை எல்லாத் தளமும் திறந்தது.

பயாஸ் என்றால் என்ன என்பதும் அன்றுதான் பிடிபட்டது. மதர்போர்டிலேயே ஒரு சில்லில் பதித்து வைத்திருக்கும் சிறிய நிரல். மின்சாரம் வந்ததும் பிராசசர் முதலில் ஓட்டுவது இதைத்தான். ரேம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எந்த டிஸ்கிலிருந்து விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை எழுப்புவது என்று தேடும். அந்த வரிசையை நாம் மாற்றலாம். விண்டோஸ் எழுவதற்கு முன்பே இவ்வளவு வேலை நடக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கணினி என்றாலே விண்டோஸ் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சித்தி, அந்த விண்டோஸ் 7-ஐ நெட்ல ரொம்ப நேரம் விடாதீங்க" என்றாள். 2020 ஜனவரி 14-உடன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. கம்பியைப் பிடுங்கினேன்.

மூன்றாம் சனி: டிஸ்க் சாகிறது

ஆறு நிமிடம் எடுத்துக்கொள்வதும், நடுநடுவே 'டிக்... டிக்' என்று கேட்பதும் அக்கா மகளுக்குப் பிடிக்கவில்லை. இனி இந்த டிஸ்கிலிருந்து விண்டோஸை எழுப்பாதீர்கள், பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்ப்போம் என்றாள். லினக்ஸ் கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதைச் சுற்றிப் பலர் பலவிதமாகக் கட்டிய இயங்குதளங்களில் ஒன்று லினக்ஸ் மின்ட். பென்டிரைவிலிருந்தே ஓடும்; நாமாகச் சொன்னால் தவிர ஹார்ட் டிஸ்கில் எழுதாது.

இணையத்திலிருந்து இறக்கிய மின்ட் கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்துப் போட்டேன். கணினி 'இயங்குதளம் எதுவும் இல்லை' என்றது. இந்தத் தப்பைச் செய்யாதவர் இருந்தால் கை குலுக்கலாம். அது ஒரு முழு டிஸ்கின் அச்சு. மற்றக் கோப்புகளைப் போல உள்ளே வைத்தால் பயாஸுக்கு அது ஏதோ ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். பென்டிரைவின் முதல் பைட்டிலிருந்து, அதாவது அதன் தொடக்கத்திலிருந்தே, அந்த அச்சைப் பதிக்க வேண்டும். அதற்கு ரூஃபஸ் போன்ற தனிக் கருவி உண்டு. பதித்தால் பென்டிரைவில் முன்பிருந்த எல்லாம் போய்விடும்.

எழுந்த பிறகு, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பைப் பார்த்தோம். நீளமான அட்டவணை. பார்க்க வேண்டியது இரண்டே வரி என்றாள். 5-ஆம் எண்: கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றிய துண்டுகள். 197-ஆம் எண்: படிக்க முடியாமல் தவிக்கும் துண்டுகள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எங்களுடையதில் 197-க்கு நேரே 24.

"இனிமே ரிப்பேர் வேலையை நிறுத்துங்க. முதல்ல காப்பி."

இங்கேதான் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். டிடிரெஸ்க்யூ என்றொரு கருவி இருக்கிறது. டிஸ்கில் எளிதாகப் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் திரும்பி வந்து முயலும். சாகக்கிடக்கும் டிஸ்கிடம் முதலில் கடினமான கேள்வியைக் கேட்கக் கூடாது என்ற தந்திரம். ஆனால் கட்டளையில் மூலம் (அப்பாவின் டிஸ்க்) முதலில், இலக்கு (நகல் போய்ச் சேரும் காலி வெளி டிஸ்க்) அடுத்து. மாற்றி எழுதினால் கட்டுரைகள் இருக்கும் டிஸ்க் மேலேயே எழுதிவிடும் ஆபத்து உண்டு. பெயர்களோ எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒரே மாதிரி இருக்கின்றன. அளவைப் பார்த்து அடையாளம் காணலாம் என்றால் 500 ஜிபி என்று ஒட்டியிருக்கும் டிஸ்க் 465 என்று காட்டுகிறது, 1000 ஜிபி வெளி டிஸ்க் 931 என்கிறது.

திருட்டு ஒன்றும் இல்லை. விற்பவர் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். கணினி 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதே பைட்டுகளைப் பெரிய படியால் அளந்தால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்.

நான்கு முறை சரிபார்த்து, அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி, எண்டரைத் தட்டினேன். ஓடியது. அப்பாவின் டிஸ்க் முழுவதும் ஒரே கோப்பாக வெளி டிஸ்கில் இறங்க வேண்டும். 4 ஜிபி ஆனதும் நின்றது. 'கோப்பு மிகப் பெரிது.' வெளி டிஸ்கில் 900 ஜிபிக்கு மேல் காலி! மறுபடி ஓட்டினேன், மறுபடி 4-இல் நின்றது. கம்பியை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். மாலைவரை இதே கூத்து.

விஷயம் இதுதான். காலி இடம் இருந்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் கணக்கு எழுதும் முறையும் தாங்க வேண்டும். அந்த வெளி டிஸ்க் ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கோப்பின் நீளத்தைக் குறிக்க 32 பிட் மட்டுமே இடம் (பிட் என்பது 0 அல்லது 1 எழுதும் ஒரு கட்டம்). 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடி சொச்சம். அதாவது 4 ஜிபி, அதிலும் ஒரு பைட் குறைவு. தொலைக்காட்சியில் செருகிப் படம் பார்ப்பதற்காக ஒரு காலத்தில் அப்படி அமைத்துத் தந்தது யார் என்றால், அக்கா மகளேதான். அவளும் மறந்துவிட்டாள்.

அதே 429 கோடியை விண்டோஸ் 7-இலும் பார்த்திருக்கிறேன். ரேம் 4 ஜிபி இருந்தும் '3.24 ஜிபி பயன்படுத்தலாம்' என்று காட்டியது. அப்பா வைத்திருந்தது 32 பிட் விண்டோஸ். அது எண்ணக்கூடிய முகவரிகளே மொத்தம் அவ்வளவுதான். அதிலும் கொஞ்சத்தை மற்ற வன்பொருள்களுக்கு ஒதுக்கிவிட்டு மீதியில்தான் ரேம். வகுப்பில் '32 பிட், 64 பிட்' என்று ஒரு வரி எழுதிப் போட்டதை மனப்பாடம் செய்தேனே தவிர, ஒரே எண் இரண்டு இடத்தில் வந்து முட்டுவதைப் பார்த்த பிறகுதான் அது வெறும் எண்ணாக இல்லாமல் ஒரு சுவராகத் தெரிந்தது.

வெளி டிஸ்கை வேறு முறையில் அமைத்து, இரவு மறுபடி ஓட்டினேன். யூஎஸ்பி 2.0 வழி. 480 மெகாபிட் வேகம் என்று பெயர். பிட்டை பைட்டாக்க 8-ஆல் வகுத்தால் 60 மெகாபைட். நடைமுறையில் கிடைத்தது விநாடிக்கு 35-ஐ ஒட்டி. நான்கு மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்தது. கெட்ட துண்டுகளோடு மல்லுக்கட்டியதில் விடிந்துவிட்டது. காலையில் பார்த்தால் நான்கைந்து துண்டுகள் தவிர எல்லாம் வந்திருந்தன.

நான்காம் சனி: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

43 கோப்புகளும் பெயர் மாறாமல் இருந்தன. முதல் கோப்பைத் திறந்தேன். உள்ளே தமிழே இல்லை. ஆங்கிலச் சின்ன எழுத்துகளும், பெரிய எழுத்துகளும், இடையிடையே நிறுத்தக்குறிகளும் கலந்த ஒரு குப்பை. இரண்டாவது கோப்பும் அப்படியே. கெட்ட துண்டுகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன என்று நினைத்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். "இதுல என்ன கெட்டுப் போச்சு? சரியாத்தானே இருக்கு" என்றார். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி (jkpo;) என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, "தமிழ்" என்றார். அடுத்த சொல்லையும் படித்தார். அதற்கடுத்ததையும்.

'யளனக' என்று தட்டச்சு படித்த விரல்கள் அவருடையவை. ஜே இருக்கும் இடத்தில் த, கே இருக்கும் இடத்தில் ம, பி-யில் இகரக் கொக்கி, ஓ-வில் ழ, அரைப்புள்ளியில் மெய்யின் புள்ளி. திரையில் ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் அவர் விரல் எந்த விசைக்குப் போகுமோ அதிலிருந்து தமிழை எடுத்துக்கொள்கிறார். முழுக் கட்டுரையையும் அப்படிப் படிக்க முடியவில்லை, பத்துச் சொல்லுக்குள் களைத்துவிட்டார். ஆனால் எனக்கு உயிர் வந்தது.

அக்கா மகள் விளக்கினாள். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். அப்பா பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில 'ஜே'-க்கு உரிய எண்ணையே வைத்துக்கொண்டு, அதற்கான படத்தை மட்டும் 'த' என்று வரைந்துவிட்டன. கோப்பில் இருப்பது ஆங்கிலம், திரையில் தெரிவது தமிழ். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். எங்கள் பென்டிரைவ் லினக்ஸில் பாமினி இல்லை.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறை அப்படியல்ல. தமிழுக்கென்றே 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. அதில் 'த'-வின் எண் வேறு யாருக்கும் சொந்தமில்லை.

கேட்டது போதாமல் செய்து பார்த்தேன். வெற்றுக் கோப்பு ஒன்றில் யூனிகோடில் 'தமிழ்' என்று மட்டும் எழுதிச் சேமித்தேன். கண்ணுக்கு மூன்று எழுத்து. கோப்பின் அளவு 16 பைட். வரி முடிவைக் குறிக்க எழுதுகருவி தானாகச் சேர்த்தது ஒன்று, மீதி 15. மூன்றெழுத்துக்கு எப்படிப் பதினைந்து? த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடு ஐந்தாக எண்ணுகிறது. யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கிறது. அதே சொல்லைப் பாமினி முறையில் ஆங்கில எழுத்துகளாகச் சேமித்தால் ஐந்தும் வரிமுடிவும் சேர்ந்து 6 பைட்டில் முடிந்துவிடுகிறது. இடம் மிச்சம்தான். ஆனால் அந்தக் கோப்பில் 'தமிழ்' என்று தேடினால் கிடைக்காது. கணினியைப் பொறுத்தவரை அதில் தமிழ் இல்லவே இல்லை.

இந்த ஒரு சின்னக் கோப்பு எனக்கு வகுப்பின் முழு நோட்டைவிட அதிகம் சொல்லிக் கொடுத்தது. பைட் என்றால் என்ன, எழுத்துருவுக்கும் குறியீட்டு முறைக்கும் என்ன வித்தியாசம், ஒரே கோப்பு ஏன் ஓரிடத்தில் ஒழுங்காகவும் இன்னோரிடத்தில் கட்டம் கட்டமாகவும் தெரிகிறது, எல்லாம் அதில் இருக்கிறது. கணினி கற்கத் தொடங்கும் தமிழர் யாரானாலும் முதல் நாளே இதைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

மாற்றித் தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஒட்டினால் நொடியில் யூனிகோடு. வேலை அதோடு முடியவில்லை. பாமினியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று குறி. யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி ஒன்றே. கருவி இதைப் புரிந்துகொண்டு இடம் மாற்றுகிறது, சரிதான். ஆனால் அப்பா இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்களும் எழுதியிருக்கிறாரே! மூலக் கோப்பில் எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு என்ற தகவல் இருக்கிறது. நகலெடுத்து ஒட்டும்போது அது உதிர்ந்துவிடுகிறது. கருவிக்கு எல்லாம் பாமினியே. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் வாயில் நுழையாத தமிழாகி நிற்கிறது. அவற்றைக் கையால்தான் திருத்தியாக வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் சனி: மீதி

பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சில்லுகளிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்றியது பதினைந்து நிமிட வேலை. தரவுக்கு 7 முனைக் கம்பி, மின்சாரத்துக்கு 15 முனைக் கம்பி. இரண்டும் எல் வடிவத்தில் இருப்பதால் தப்பாகச் செருக முடியாது. இந்த முறை போட்டோ எடுத்தேன். லினக்ஸை நிறுவிய பிறகு அரை நிமிடத்துக்குள் எழுகிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில் வேண்டிய இடம் படிக்கும் ஊசியின் அடியில் வந்து சேரச் சராசரியாக நான்கு மில்லிவிநாடி ஆகிறது. எஸ்எஸ்டியில் தட்டே இல்லை, காத்திருப்பதற்கும் ஒன்றுமில்லை. பிராசசர் அதே பழையதுதான்; அது இத்தனை நாள் சும்மா உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது.

இணையம் மட்டும் வரவில்லை. 'நெட் இல்லை' என்று சொல்வதற்குப் பதில் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னாள். பிங் என்ற கட்டளையால் ஒவ்வொரு படியாகக் கதவைத் தட்டினேன். முதலில் 127.0.0.1, அது கணினி தன்னையே கூப்பிடுவது, பதில் வந்தது. அடுத்து வீட்டு ரவுட்டர் 192.168.1.1, வந்தது. வெளியே கூகுளின் 8.8.8.8, அதுவும் வந்தது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் பதில் இல்லை. ஆக, வழி இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் கிடைக்கவில்லை. அமைப்பைத் திறந்து பார்த்தால், டிஎன்எஸ் கட்டத்தில் 192.168.1.11 என்று இருந்தது. ஒன்று கூடுதலாகத் தட்டியது நானேதான். அழித்தேன், வந்தது.

கட்டுரைகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: எஸ்எஸ்டியில், வெளி டிஸ்கில், அக்கா வீட்டில். 43-இல் ஒன்று மட்டும் பாதியில் அறுந்துபோய் நிற்கிறது. அதன் மேல்தான் கெட்ட துண்டு விழுந்திருக்கிறது. மற்றவற்றில் ஆங்கிலச் சொற்களைத் திருத்தி 17-ஆவது கட்டுரைவரை வந்திருக்கிறேன்.

அறுந்த கட்டுரையை அப்பா மறுபடி எழுதுகிறேன் என்றார். லினக்ஸில் தட்டச்சு முறைத் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். யளனக அதே இடத்தில் இருந்தது. ஒன்றிரண்டு விசைகளுக்கு மட்டும் முணுமுணுத்தார். ஒரு பத்தி அடித்து முடித்துவிட்டு, பழைய ஞாபகத்தில் தட்டச்சு இயந்திரத்தை மூடுவது போல எழுந்து, சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போய்விட்டார். எழுதுகருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும். அவர் உட்கார்ந்திருந்தது எட்டு நிமிடம்.

திரையின் ஓரத்தில் 'கன்ட்ரோல், எஸ்' என்று துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். அந்தப் பத்தியை அவர் அன்று மாலையே திரும்ப அடித்தார். போனதைவிட இதுதான் நல்லா வந்திருக்கு என்கிறார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது எதுவும் இல்லை.